குறுந்தொகை மேற்கோளைச் சுழிச்சுட்டார், இன்னா தப்பு? அவசரம்

காட்பாடி_ஜங்ஷன்:
நெறியாளர் என் ஆய்வேட்டுல மூணாவது இயல்ல ஒரு மேற்கோளைச் சிவப்பு மையில சுழிச்சு "சரிபார்"னு மட்டும் எழுதி அனுப்பிட்டார். எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதான். திங்கள்கிழமை பைண்டிங்குக்குத் தரணும். யாராச்சும் சொல்லுங்க.

பாலாற்றுமணல்:
எந்தப் பாட்டு, எந்த வரி, எதுலேருந்து எடுத்தீங்க? ஒண்ணுமே சொல்லாம கேட்டா எப்படிங்க?

டிடிபி_அண்ணன்:
பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வெச்சிருக்கேன் தம்பி. இது ஃபான்ட் பிரச்னையேதான். பழைய வானவில் ஃபான்ட்டுல அடிச்சு யூனிகோடுக்கு மாத்தினா கொம்பு தாவிடும். வாரம் ரெண்டு ஆய்வேடு இப்படி வருது.

குடியாத்தத்தான்:
அதெல்லாம் இல்ல. காப்பி அடிச்சதைப் பிடிக்கிற மென்பொருள்ல ஒப்புமை சதவீதம் ஏறியிருக்கும். மேற்கோளைத் தூக்கிட்டு சொந்த நடையில எழுதிடு.

பாலாற்றுமணல்:
@குடியாத்தத்தான் ஆதாரம் காட்டின மேற்கோளை 2018 யுஜிசி விதி கணக்குல சேர்க்கிறதில்ல. பாட்டையே தூக்கிட்டா அப்புறம் எதை ஆராயறதாம்?

காட்பாடி_ஜங்ஷன்:
ஃபான்ட் இல்லண்ணா. குறுந்தொகை 40, கடைசி ரெண்டு வரி. "செம்புலப் பெயல் நீர் போல / அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே". நெட்ல எல்லா இடத்துலயும் இப்படித்தான் இருக்கு.

ஏட்டுத்தூசி:
எம்.ஏ. முதல் வருஷத்துல தெரிஞ்சிருக்க வேண்டியது. பெயல், நீர் ரெண்டும் புணர்ந்தா பெயனீர். புலவர் பெயரே செம்புலப்பெயனீரார். இது கூடத் தெரியாம ஆய்வேடு வரைக்கும் வந்தாச்சு. வாழ்க.

ஆற்காட்டுக்காரி:
பிரிச்சா குத்தமாங்க? மர்ரே கம்பெனி ராஜம் போட்ட சங்க இலக்கியப் பதிப்பே சந்தி பிரிச்சுத்தானே வந்துச்சு. அதனாலதான் எங்களை மாதிரி ஆளுங்க சங்கப் பாட்டைத் தொட்டோம்.

ஏட்டுத்தூசி:
படிக்கப் பிரிக்கலாம். யாப்பு பேசற இடத்துல கூடாது. "நெஞ்சந் தாங்கலந் தனவே"ன்னு அச்சுல இருக்கிறது சீர் கணக்கு. "தாம் கலந்தனவே"ன்னு போட்டா சீர் எங்க முடியுதுன்னு யாருக்குத் தெரியும்?

பாலாற்றுமணல்:
ரெண்டும் சரி, சண்டை வேணாம். @காட்பாடி_ஜங்ஷன் அடிக்குறிப்புல எந்தப் பதிப்பு போட்டிருக்கீங்க? அதான் கேள்வி. உ.வே.சா. 1937னு போட்டுட்டு பிரிச்ச வரியைக் குடுத்தா, அவர் புத்தகத்துல இல்லாத ஒண்ணை அவர் தலையில கட்டறீங்க. பிரிச்சுத்தான் எழுதுவேன்னா, பிரிச்சது நான்தான்னு முன்னுரையில ஒரு வரி போடுங்க. இல்லன்னா தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்துல ஸ்கேன் பிரதியைத் திறந்து வெச்சு எழுத்துக்கு எழுத்து பாருங்க.

குடியாத்தத்தான்:
உ.வே.சா.வுக்கு முன்னாடியே 1915ல சௌரிப்பெருமாளரங்கன் குறுந்தொகையை அச்சுல கொண்டாந்துட்டார். வாணியம்பாடியில தமிழாசிரியரா இருந்தவர். நம்ம வடாற்காட்டுப் பெருமை, ஒருத்தரும் அவரை அடிக்குறிப்புல போடறதில்ல.

டிடிபி_அண்ணன்:
வாணியம்பாடி அப்போ சேலம் ஜில்லா.

குடியாத்தத்தான்:
1911லயே திருப்பத்தூர் தாலுகா வடாற்காட்டோட சேர்ந்துடுச்சு.

டிடிபி_அண்ணன்:
இப்ப வேலூரும் இல்லியே, திருப்பத்தூர் மாவட்டம்.

ஏட்டுத்தூசி:
இழை எங்கேயோ போகுது.

காட்பாடி_ஜங்ஷன்:
அடிக்குறிப்புல 1937தான் போட்டிருந்தேன், புத்தகத்தைப் பார்க்கவேயில்ல. இன்னும் பதினாறு இடம் இதே மாதிரி இருக்கு. நன்றிண்ணா.

டிடிபி_அண்ணன்:
பதினாறா? அப்ப திங்கள் இல்ல, புதன் வா.