வாஃபிளுக்குத் தமிழ்: அச்சப்பமா, தேனடையா, கண்ணப்பமா?

பொருள்: மறு: ஓட்ஸ் வாஃபிள் – கலைச்சொல் தேவை

நாகர்கோவிலிலிருந்து:

வாஃபிளுக்கு, அதாவது கட்டம் கட்டமாகக் குழி விழச் சுடும் அந்தப் பலகாரத்துக்கு, தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள். 'அச்சப்பம்' வேண்டாம் என்பேன். நம்ம பக்கம் அச்சப்பம் என்றால் பூ அச்சை மாவில் முக்கி, காய்ந்த எண்ணெயில் இறக்குவது. அச்சு முறுக்கு என்றும் சொல்வோம். வாஃபிளில் நேர்மாறு. மாவுதான் இரண்டு அச்சுத் தட்டுக்கு நடுவே போகிறது, பொரிப்பதே கிடையாது. கிறிஸ்துமஸுக்கு இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால் குழப்பம்தான்.

'தேனடை' எப்படி? டச்சுக்காரர்களின் 'வாஃபெல்' என்ற சொல்லுக்கும் தேனடையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லுக்கும் வேர் ஒன்றே. போதாததற்கு நமக்கு 'அடை' என்ற பலகாரமும் இருக்கிறது.

மார்த்தாண்டத்திலிருந்து:

> 'தேனடை' எப்படி?

வேர் சரிதான் ஐயா. ஆனால் இங்கே தேனீப் பெட்டி வைத்திருப்பவரிடம் இரண்டு தேனடை கேட்டால் மெழுகோடு வரும். 'குழியப்பம்' என்றால் பணியாரச் சட்டி நினைவுக்கு வரும். வலைக்கண், சல்லடைக்கண் என்கிறோமே, அந்தக் 'கண்' போதும். கண்ணப்பம். பள்ளம் கண், மேடு வரப்பு. எழுதிப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும்:

ஓட்ஸ் 150 கிராமை மிக்சியில் பொடித்து, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி கலக்கவும். முட்டை 2, பால் 240 மி.லி., சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 3 மேசைக்கரண்டி ஆகியவற்றைத் தனியே அடித்து அதில் ஊற்றி, 10 நிமிடம் விடவும். ஓட்ஸ் பாலைக் குடித்து இட்லி மாவுப் பதத்துக்கு வரும். அதற்கும் மேல் இறுகினால் ஒரு மேசைக்கரண்டி பால். நன்றாகச் சூடேறிய வாஃபிள் கருவியில் வரப்பு, கண் இரண்டிலும் எண்ணெய் தடவி, ஊற்றி மூடி, 4 முதல் 6 நிமிடம். ஆவி அடங்குமுன் திறக்கக் கூடாது. ஓட்ஸில் கோதுமை மாவின் இழுவை இல்லை, பிடித்து வைப்பது முட்டைதான். அது வேகுமுன் திறந்தால் கண்ணப்பம் இரண்டாகப் பிளந்து, மேல்தட்டில் பாதி, கீழ்த்தட்டில் பாதி ஒட்டிக்கொள்ளும்.

தக்கலையிலிருந்து:

கண்ணப்பம் நிற்கிறது. கண்ணப்ப நாயனார் எட்டிப் பார்க்கிறார்தான், பார்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் கருவியைக் 'கண்ணப்ப அச்சு' என்றால் அவர் பேரிலேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். 'இரட்டை அச்சு' போதும்.

செய்முறைக்கு நம்மூர்த் திருத்தம் இரண்டு. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் விட்டால், பாலும் முட்டையும் பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு இருக்கக் கூடாது; எண்ணெய் உறைந்து மணிமணியாகத் திரியும், பிறகு மாவு ஒரு இடத்தில் ஒட்டும், ஒரு இடத்தில் எண்ணெய் வழியும். மட்டிப்பழம் (நம்மூர் வாழைப்பழம்) மசித்துச் சேர்த்தால் சர்க்கரையை விட்டுவிடுங்கள், பாலையும் 200 மி.லி.க்குக் குறையுங்கள். இனிப்பு ஏறினால் உள்ளே வேகுமுன் வரப்பு கருகும். கருப்பட்டியும் அப்படியே; பாகாக்கி மேலே ஊற்றினால் கண்ணில் தேங்கி நிற்கும். கண் எதற்கு என்று அப்போது தெரியும்.

நாகர்கோவிலிலிருந்து:

சரி, தேனடையைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் கண்ணப்பம், கண், வரப்பு, இரட்டை அச்சு. ஒன்று விட்டுப்போயிற்று: சுட்டதைத் தட்டில் அடுக்கினால் அடியில் ஆவி வியர்த்து மொறுமொறுப்பு போய்விடும், கம்பித் தட்டில் தனித்தனியே ஆறவிட வேண்டும். அந்தக் கோளாறுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். 'நமத்துப்போச்சு' என்று வீட்டில் சொல்வதையே எழுதிக்கொள்ளலாம்.