நெடும்பயணத்தில் ப்ரூவரி நிறுத்தங்கள்: அவரவர் அனுபவம்

சான் ஹோசேயிலிருந்து

சான் பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா வரை காரில் போகிறேன், வழியில் எந்தெந்த கிராஃப்ட் ப்ரூவரியில், அதாவது சொந்தமாக பீர் காய்ச்சிப் பரிமாறுகிற இடத்தில், நிறுத்தலாம் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பட்டியல் போடுவது பெரிய வேலை இல்லை. மேப்பைத் திறந்தால் ஆரிகன் மாநிலத்தில் பெண்ட் என்கிற ஒரே ஊரில் இருபதுக்கு மேல் முளைக்கும். இரவு எங்கே தூங்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த ஊர் ப்ரூவரியை மட்டும் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றுதான்: அறைச் சாவி கைக்கு வந்த பிறகுதான் கிளாஸ் கைக்கு வரும். பகலில் கடக்கிற ப்ரூவரிகளில் சாப்பாடு, இரண்டு கேன் வாங்கி டிக்கியில் வைப்பது, அவ்வளவுதான்.

முதல் இரவு சிக்கோ. சியரா நெவாடா ப்ரூவரி 1980-இல் ஆரம்பித்த இடம். பால்பண்ணைகளில் கழித்துக்கட்டிய தொட்டிகளை வாங்கிவந்து பீர் காய்ச்சத் தொடங்கியவர் கென் கிராஸ்மன். இன்று சுற்றிப் பார்க்கப் போனால் ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய செப்புக் கொப்பரைகளைக் காட்டுகிறார்கள். அவர்களுடைய பேல் ஏல் என்கிற பீரை இங்கே கடைகளில் எத்தனையோ முறை குடித்திருப்பீர்கள். அங்கே குழாயிலிருந்து பிடித்துக் கொடுப்பதைக் குடித்துப் பாருங்கள். என் மனைவி குடிப்பதில்லை. பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் காயைப் போட்ட சோடாத் தண்ணீர் இருக்கிறது என்று பரிமாறுகிறவரே எடுத்துக் கொடுத்தார். சர்க்கரையும் இல்லை, ஆல்கஹாலும் இல்லை. அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் நீளமான ஓட்டம். ரெட்டிங் தாண்டி, வீட் ஊரில் 97-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் பெண்ட் வழியாக யாக்கிமா பக்கம் வரை அதே சாலைதான். மதியச் சாப்பாட்டுக்கு கிளமத் ஃபால்ஸ் சரியாக வரும். பூமிக்கு அடியிலிருந்து வரும் வெந்நீரை வைத்து நடைபாதைப் பனியையே உருக்குகிற ஊர் அது. பழைய பாலாடைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இருக்கும் கிளமத் பேசின் ப்ரூவரியும் அந்தப் புவிவெப்பத்தைத்தான் பயன்படுத்துகிறது. நான் அங்கே எலுமிச்சைச் சாறு குடித்தேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பெண்டில் தங்குவதானால் ஓல்டு செயின்ட் ஃபிரான்சிஸ் ஸ்கூலைப் பாருங்கள். பழைய கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தை மெக்மெனமின்ஸ் என்கிற பப் நிறுவனத்துக்காரர்கள் விடுதியாக்கியிருக்கிறார்கள். வகுப்பறைகளில்தான் படுக்கை. வளாகத்துக்குள்ளேயே பீரும் காய்ச்சுகிறார்கள். 1988-இல் தொடங்கிய டெஷூட்ஸ் ப்ரூவரியின் முதல் பப் அங்கிருந்து பொடிநடை தூரம்தான். அவர்களுடைய பிளாக் பியூட் போர்ட்டர் கருப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ பீரைவிட லேசானது. மேலே உள்ள எங்கள் வீட்டுச் சட்டம் முழுசாகப் பொருந்துகிற ஊர் இது என்பதால் இரண்டு இரவு ஒதுக்கலாம்.

ஹூட் ரிவரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: கொலம்பியா ஆற்றங்கரையில் ஃப்ரீம் ப்ரூவரி, அங்கே பில்ஸ்னர் பீர், காற்று பலமாக அடிக்கும், குளிருக்கு ஒரு மேலாடை.

யாக்கிமாவுக்குத்தான் உண்மையில் இந்தப் பயணமே. அமெரிக்காவில் விளையும் ஹாப்ஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு அந்தப் பள்ளத்தாக்கில் விளைகிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முழுக்க அறுவடை. பதினெட்டு அடி உயரத்தில் கம்பி கட்டி, கயிறு தொங்கவிட்டு, கொடியை ஏற்றிவிடுகிறார்கள். அந்த வரிசைகளுக்கு நடுவே நின்றால் வானம் ஒரு பட்டையாகத்தான் தெரியும். பேல் பிரேக்கர் ப்ரூவரி அப்படியொரு தோட்டத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. 1932-லிருந்து ஹாப்ஸ் பயிரிடுகிற குடும்பம், 2013-இல் ப்ரூவரி திறந்தார்கள்.

வெளியே பெஞ்சில் எங்களுக்கு எதிரே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுவடைக் காலத்தில் உலர்த்தும் சூளையில் இரவு வேலையாம். நாங்கள் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, பையிலிருந்து ஒரு காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பச்சையாக, காகிதம் போல அடுக்கடுக்கான இதழ்கள். இரண்டாகக் கிழித்துக் காட்டினார். நடுத்தண்டை ஒட்டி மஞ்சள் பொடி. கசக்கி மோந்தால், மாங்காயைக் காம்போடு ஒடித்ததும் வழியுமே பால், அதே வாசனை. சும்மா தோன்றியதல்ல, மாங்காயிலும் ஹாப்ஸிலும் மிர்சீன் என்கிற ஒரே எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. பறிக்கும்போது காயில் முக்காலுக்கு மேல் தண்ணீர்தான். சூளையில் அதைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் மூட்டை கட்ட முடியும், இல்லாவிட்டால் புழுங்கிக் கெட்டுவிடும் என்றார். உலர்த்தாத காயைப் பறித்த சூட்டோடு கொப்பரையில் கொட்டிக் காய்ச்சுவதுதான் ஃப்ரெஷ் ஹாப் பீர். வருடத்தில் அந்தச் சில வாரம்தான் கிடைக்கும். தம்பி ஜூலையில் போவதாக எழுதியிருந்தார். முடிந்தால் செப்டம்பருக்குத் தள்ளுங்கள்.

⁂

போர்ட்லண்டிலிருந்து

அண்ணன் சொன்னதில் குழந்தையோடு போகிறவர்களுக்குச் சேர்க்க வேண்டியவை உண்டு. ஆரிகனில் பெரும்பாலான ப்ரூவரிகளில் சாப்பாட்டுப் பகுதியில் பிள்ளைகளை விடுவார்கள், ஆனால் சில இடங்களில் இரவு ஒரு நேரத்துக்கு மேல் விடமாட்டார்கள். வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கும், உள்ளே நுழையும் முன் படித்துவிடுங்கள். எங்கள் பெண்ணுக்குப் பிடித்த இடம் பசிபிக் சிட்டியில் பெலிகன். கடற்கரை மணலிலேயே கடை. கேப் கிவாண்டா மணல்மேட்டில் ஏறிச் சறுக்கிவிட்டு வந்தால் பசி எடுத்திருக்கும், உருளைக்கிழங்கு வறுவலுக்கும் மறுபேச்சு இருக்காது.

சைவக்காரர்கள் கவனத்துக்கு: ப்ரெட்ஸலும் சீஸ் சாஸும் எங்கும் கிடைக்கும். சூப்பில் மட்டும் இறைச்சி வேகவைத்த சாறு சேர்த்ததா என்று கேளுங்கள்.

இன்னொன்று, போன் செய்துவிட்டுப் போங்கள். உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இணையத்தில் திறந்திருப்பதாகக் காட்டிய டேப்ரூமுக்கு (ப்ரூவரியிலேயே பீர் பரிமாறும் கூடம்) நாற்பது மைல் விலகிப் போனோம். கதவில் ஒரு தாள்: இன்று தனியார் விருந்து. உள்ளே யாரோ கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். திங்கள், செவ்வாய் விடுமுறை விடுகிற சின்ன இடங்களும் நிறைய.

⁂

டென்வரிலிருந்து

நீங்கள் எல்லாம் மேற்குக் கரைக்காரர்கள், யூட்டா பக்கம் வந்தால் தெரியும். டென்வரிலிருந்து ஜயான் பூங்காவுக்குப் போனோம். யூட்டாவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ரத்த ஆல்கஹால் வரம்பு 0.05 சதவீதம், மற்ற மாநிலங்களில் 0.08. யூட்டாவில் 2018 டிசம்பர் கடைசியில் மாற்றினார்கள். குழாய் பீர் 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது. உணவகத்தில் ஏதாவது சாப்பிட ஆர்டர் செய்தால்தான் பீர் வரும். அதனால் ஸ்ட்ராங் பீர் ஆசையையெல்லாம் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸிலேயே, ஓடெல், நியூ பெல்ஜியம் ப்ரூவரிகளில் தீர்த்துக்கொண்டு கிளம்பினோம். ஜயானில் பூங்கா வாசலிலேயே ஒரு ப்ரூ பப் இருக்கிறது. நாள் முழுக்க மலை ஏறி இறங்கிய பிறகு 5 சதவீதமே அமிர்தம்தான், பொய் சொல்லவில்லை.

⁂

டல்லாஸிலிருந்து

எல்லோரும் ருசியைப் பேசுகிறீர்கள், நான் கணக்கைப் பேசுகிறேன். ஃப்ளைட் என்று மரப்பலகையில் குட்டிக் கிளாஸ்களை வைப்பார்களே, ஐந்து கிளாஸ், ஒவ்வொன்றும் 4 அவுன்ஸ், சராசரி 7 சதவீதம் என்று வையுங்கள். 1.4 அவுன்ஸ் சுத்த ஆல்கஹால். சாதாரண 12 அவுன்ஸ் கேன் 5 சதவீதத்தில் 0.6 தான். அதாவது “சும்மா ருசி பார்த்தேன்” என்பவர் இரண்டு கேனுக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கிறார். அதையே பகலில் இரண்டு ஊரில் செய்தால்?

எச்1பி வேலை விசாவில் இருக்கிற தம்பிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைது ஆனாலே, தீர்ப்பு வரும் முன்பே, பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு வழி இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு மின்னஞ்சலில்தான் வந்தது. வேலை போகவில்லை, ஆனால் அம்மாவைப் பார்க்க மதுரைக்குப் போனவர் புது விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் என்று மாதக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சாவிக்குப் பிறகுதான் கிளாஸ் என்று சொன்ன அண்ணியாருக்கோ அண்ணனுக்கோ, யாருடைய சட்டமோ, என் ஓட்டு அதற்குத்தான்.

⁂

சான் ஹோசேயிலிருந்து, மறுபடியும்

சட்டம் அண்ணியாருடையது. வண்டி ஓட்டுவதும் பாதி நேரம் அவள்தான்.

அப்பாவின் அடையாள ஆவணம், வாங்கும் கேன்களைக் கெடாமல் வைப்பது என்று தம்பி தனியாகக் கேட்டிருந்த இரண்டுக்கும் பதில். ஊரிலிருந்து அப்பா வருகிறார் என்றால் வயதைக் காட்ட அவருடைய பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்திய லைசென்ஸை எல்லா இடத்திலும் ஏற்க மாட்டார்கள், நரைத்த தலையைப் பார்த்தும் விடமாட்டார்கள். வாங்கும் கேன்களுக்கு ஒரு நல்ல ஐஸ் பெட்டி வேண்டும். கோடையில் ரெட்டிங் 100 ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தாண்டும், மூடிய டிக்கியில் ஒரு மதியம் கிடந்தால் ஹாப்ஸ் வாசனை போய் அட்டைப்பெட்டி வாசனை வந்துவிடும். மூடி திறந்த எதுவும் இருக்கைப் பக்கம் இருக்கக் கூடாது. திரும்பும்போது கடலோரமாக வந்தால் ஃபோர்ட் பிராகில் நார்த் கோஸ்ட் ப்ரூவரியின் ஓல்டு ரஸ்புடின் ஸ்டவுட் என்கிற கருப்பு பீரை வாங்கி வாருங்கள், 9 சதவீதம். அதை வீட்டுக்கு வந்து, மறுநாள் விடுமுறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறக்கலாம்.