வராத பிள்ளைக்குப் பூச்சியம் இடுவது சரியா? பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் பதிவு பற்றிய கேள்வி

கேள்வி (விஞ்ஞான ஆசிரியை, துணுக்காய் கல்வி வலயம், இலங்கை):
வணக்கம். சிறிய பாடசாலை ஒன்றில் தரம் 6 முதல் 9 வரை கற்பிக்கிறேன். காலபோக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் சில பிள்ளைகள் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுகிறார்கள். கார்த்திகை மழையில் பாதை மூடினால் தூரத்துப் பிள்ளைகளால் வரவே முடிவதில்லை. பாடசாலை மட்டக் கணிப்பீட்டில், அதாவது வகுப்புச் செயற்பாடுகளை ஆசிரியரே பார்த்துப் புள்ளியிடும் முறையில், அந்த நாட்களில் நடந்த செயற்பாடுகளுக்கு அவர்களுக்கு எதைப் பதிவது? கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது, பூச்சியம் இடுங்கள் என்கிறார் ஒரு மூத்த ஆசிரியர். தவணைப் பரீட்சைப் புள்ளிக்கு ஏற்ற மாதிரி ஒன்றை நிரப்பிவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் என் மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர், வவுனியா):
உங்கள் மனம் ஒப்பாதது நியாயமே, தங்கச்சி. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளில் காணப்படும் முறையில் ஐந்து பிரமாணங்கள் (அளவிடும் அம்சங்கள்) உண்டு; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மட்டமிட்டு 20க்குக் கணிக்கிறோம். மிகவும் பின்தங்கிய பிள்ளையும் செயற்பாட்டில் பங்குபற்றினால் ஒவ்வொரு பிரமாணத்திலும் 1 பெறும். அந்த அளவுகோலில் பூச்சியத்துக்கு இடமே இல்லாதபோது, நாங்கள் பார்க்காத ஒரு வேலைக்கு அதை இடுவது எப்படிச் சரியாகும்?

கணக்கைப் பாருங்கள். மூன்று செயற்பாடுகளில் 14, 16, 15 பெற்ற பிள்ளையின் சராசரி 15, அதாவது நூற்றுக்கு 75. எங்கள் வழக்கப்படி அது ஏ சித்தி. வராத நான்காவதற்குப் பூச்சியம் சேர்த்தால் சராசரி 11.25 ஆகி, நூற்றுக்கு 56க்கு இறங்கிச் சி சித்தியாகிவிடும். பிள்ளையின் விஞ்ஞான அறிவில் எதுவும் குறையவில்லை. பதிவு மட்டும் பொய் சொல்கிறது. ஆகவே "வரவில்லை" என்று குறித்து, திகதியையும் காரணத்தையும் எழுதி, நடந்தவற்றின் சராசரியைக் காட்டுங்கள். தவணைப் புள்ளியிலிருந்து ஊகித்து நிரப்புவது இன்னும் மோசம், ஏனெனில் எழுத்துப் பரீட்சையில் தெரியாத கைவேலையையும் அவதானத்தையும் பதியவே இந்தக் கணிப்பீடு வந்தது.

மறுமொழி 2 (கணித ஆசிரியர், ஒட்டுசுட்டான்):
ஐயா சொல்வதில் ஒரு பகுதிக்கு உடன்படுகிறேன். ஆனால் வெறும் "வரவில்லை" என்று விட்டால், கடினமான செயற்பாட்டு நாளில் வேண்டுமென்றே நிற்கும் மாணவருக்கு அது வசதியாகிவிடும். நான் அதே தேர்ச்சிக்கான (திறனுக்கான) சிறு வேலையொன்றை மறுவாரம் கொடுத்து, அதன் புள்ளியை வேறு நிற மையில் பதிகிறேன். அறுவடைக்காலத்தில் வராத பிள்ளைகளுக்கு நெல் மூடைகளின் நிறையையும் விலையையும் வைத்துக் கணக்குக் கொடுத்தேன். வகுப்பில் இருந்தவர்களைவிட அவர்கள் தெளிவாகச் செய்தார்கள். இரு வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்தும் பாடசாலைகளில் இதற்கு நேரம் கிடைப்பது கடினம் என்பதையும் மறுக்கவில்லை.

இன்னொன்று: பதிவை அன்றன்றே எழுதுங்கள். தவணை முடிவில் ஒரே இருப்பில் நிரப்பிய பேரேட்டை, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி விழுந்த புள்ளிகளே காட்டிக்கொடுத்துவிடும்.

மறுமொழி 3 (ஒரு பெற்றோர், விசுவமடு):
நான் ஆசிரியர் அல்லன். ஆனால் முன்னேற்ற அறிக்கை கடைசியில் வருவது எங்கள் கைக்குத்தான். மகளின் அறிக்கையில் புள்ளிகளும் வகுப்பு நிலையும் இருக்கின்றன, "முயற்சி போதாது" என்ற வரியும் இருக்கிறது. அவளுக்கு எது வரவில்லை, வீட்டில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்பது அதில் இல்லை. "பின்னங்களைக் கூட்டுகிறாள், பகுதியெண் வேறானால் தடுமாறுகிறாள்" என்று ஒரு வரி எழுதினால், தமக்குத் தெரியாத பெற்றோரும் அயலில் படித்த பிள்ளை ஒருவரிடம் கேட்டுச் செய்விப்பார்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. காரணத்தோடு "வரவில்லை" என்று குறித்து, முடிந்தவர்களுக்கு மாற்று வேலை கொடுத்து, அறிக்கையில் பாடத்துக்கு ஒரு வரி எழுதுவதாக அதிபரிடம் சொல்லப்போகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில ஆண்டுகளில் இடமாற்றம் பெறும் ஆசிரியர்கள் இங்கு அதிகம். அடுத்தவர் என் பேரேட்டைத் திறந்தால், எந்தப் பிள்ளையிடம் எதைத் தொடர வேண்டும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். ஒரு கேள்வி எஞ்சுகிறது: தவணை முழுவதும் வராத பிள்ளையின் சராசரிக் கட்டத்தில் என்ன எழுதுவது?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்):
"கணிப்பீடு நடைபெறவில்லை" என்று எழுதி, அதிபரின் ஒப்பத்தை வாங்குங்கள். 2009 இல் வன்னியில் போரின்போது பதிவேடுகளை இழந்த பாடசாலைகள், எதையும் ஊகித்து நிரப்பாமல் பிள்ளைகளைப் புதிதாக இனங்கண்டே தொடங்க வேண்டியிருந்தது. உங்கள் பிள்ளைக்கும் அடுத்த தவணையின் முதல் வாரத்தில் அதையே செய்யுங்கள்.