கப்பல் தானாகச் சுற்றுகிறது, யாராவது உதவுங்கள்

அரைத்தூக்கம் (இரவு 10:42)
வணக்கம். விண்கப்பல் சண்டை ஆட்டம் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறதே என்று இன்றைக்குத்தான் இறக்கினேன். பயிற்சிக் கட்டத்தையே தாண்ட முடியவில்லை. கப்பல் செக்குமாடு மாதிரி இடப்பக்கமாகவே சுற்றுகிறது. எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தால் நிற்கிறது, விட்டதும் மறுபடி ஆரம்பித்துவிடுகிறது. குறி வைப்பதற்குள் இலக்கு திரையை விட்டே போய்விடுகிறது. இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்தாயிற்று. அவசரம், நாளைக்கு நண்பர்களோடு அணியாக ஆட வேண்டும்.

தூசிமண்டலம் (10:49)
எந்த ஆட்டம்? கணினியா, கன்சோலா? மவுஸா, கேம்பேடா, ஜாய்ஸ்டிக்கா? இதில் ஒன்றுகூடச் சொல்லவில்லையே.

பழைய_ரேம் (10:53)
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், கிராஃபிக்ஸ் டிரைவர் (திரைக்காட்சியை இயக்கும் மென்பொருள்) கோளாறுதான். எனக்குப் போன வருடம் திரையில் படம் கிழிந்து கிழிந்து வந்தது. டிரைவரைச் சுத்தமாக அகற்றிவிட்டுப் புதிதாகப் போட்டேன், அன்றோடு சரி.

தூசிமண்டலம் (10:55)
திரை கிழிவதற்கும் கப்பல் திரும்புவதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய_ரேம் (10:56)
சம்பந்தமில்லை என்று நீங்கள் சோதித்துப் பார்த்தீர்களா?

பிங்_இருபது (11:01)
பிங் (இணையத்தில் தகவல் போய்வரும் நேரம்) எவ்வளவு காட்டுகிறது? வைஃபையில் ஆடினால் இப்படித்தான் இழுக்கும். கேபிள் போடுங்கள் ப்ரோ.

ஆதிகாலத்து_பைலட் (11:08)
மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அலங்காரத்துக்கு வைத்ததில்லை. மொட்டைத்தாத்தா குட்டையில் விழுந்தார் என்கிற கதையாக எழுதினால் யார் என்ன சொல்வது? புதிதாக வருகிற எல்லோரும் செய்யும் தவறுதான் இது. துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் மவுஸை நகர்த்தினால் பார்வை நகரும், கையை நிறுத்தினால் அதுவும் நிற்கும். கப்பல் ஆட்டங்கள் பலவற்றில் அப்படி இல்லை. மவுஸ் குறி நடுப்புள்ளியை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கப்பல் திரும்பிக்கொண்டே இருக்கும். குறியை நடுவுக்குக் கொண்டுவந்தால்தான் நிற்கும். பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லியிருப்பார்கள். வாசிக்க வேண்டும்.

அரைத்தூக்கம் (11:20)
கணினிதான், விண்டோஸ். மவுஸ், கீபோர்டு. வாசித்தேன் சார். குறி நடுவில் இருந்தாலும் சுற்றுகிறது. மவுஸையே கழற்றிவிட்டும் பார்த்தேன், அப்போதும் சுற்றுகிறது. பிங் 60.

தூசிமண்டலம் (11:22)
மவுஸைக் கழற்றியும் சுற்றுகிறதா! அதை அல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

ஆதிகாலத்து_பைலட் (11:27)
அப்படியானால் தெரியாமல் ஃபிளைட் அசிஸ்டை, அதாவது கப்பலைத் தானாக நிலைநிறுத்தும் வசதியை, அணைத்திருப்பீர்கள். அது அணைந்திருந்தால் ஒரு தட்டு தட்டினாலே போதும், எதிர்த்திசையில் தட்டும்வரை கப்பல் சுற்றிக்கொண்டே இருக்கும். விண்வெளியில் காற்று கிடையாது தம்பி, பிடித்து நிறுத்த ஆளில்லை.

கடைசி_தோட்டா (11:31)
இந்த ஆட்டங்களில் எனக்குப் பிடிக்காததே இந்த இயற்பியல் பாடம்தான். கப்பல் விமானம் மாதிரி திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஈவ் ஆன்லைன் என்கிற விண்கப்பல் ஆட்டத்தைப் பாருங்கள், 2003லிருந்து ஓடுகிறது, 2016 நவம்பரிலிருந்து காசில்லாமலும் ஆடலாம். அதில் எஞ்சினை நிறுத்தினால் கப்பல் மெல்ல நின்றுவிடும், தண்ணீருக்குள் போவது மாதிரி. யார் குறை சொன்னார்கள்?

ஆதிகாலத்து_பைலட் (11:36)
நான் சொல்கிறேன். ஈவில் நீங்கள் கப்பலை ஓட்டுவதே இல்லை, எங்கே போக வேண்டும் என்று சொடுக்குகிறீர்கள். அதைக் கொண்டுவந்து இங்கே ஒப்பிடுவதா? வாயேஜர் 1 விண்கலம் கிளம்பியது 1977ல். இன்றும் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போய்க்கொண்டிருக்கிறது, தள்ளுவதற்கு எந்த எஞ்சினும் ஓடவில்லை. 1962ல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் பிடிபி 1 கணினியில் எழுதிய ஸ்பேஸ்வார் ஆட்டத்திலேயே கப்பல் தன் வேகத்தில் மிதந்து போகும், நடுவில் இருக்கும் நட்சத்திரம் அதை இழுக்கவும் செய்யும். அறுபது வருடம் கழித்து விமானம் வேண்டுமாம்.

கடைசி_தோட்டா (11:41)
ஸ்பேஸ்வாரில் சண்டை ஒரே ஒரு திரைக்குள். பரந்த வெளியில் வேகத்துக்கு வரம்பில்லாமல் விட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் எதிரெதிரே சீறி வருவார்கள், கண் சிமிட்டுவதற்குள் கடந்து போவார்கள், திரும்பி வர அரை நிமிடம். இதற்குப் பெயர் சண்டையா? அதனால்தான் ஆட்டம் செய்கிறவர்கள் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கிறார்கள்.

வால்மீன் (11:44)
அண்ணன்மாரே, அதை அப்புறம் பேசலாம். ஃபிளைட் அசிஸ்ட் அணைந்திருந்தால் எதிர்ப்பக்கம் தட்டியதும் சுழற்சி நின்றிருக்கும், மறுபடி தானாக ஆரம்பிக்காது. இவருக்கு விட்டதும் திரும்ப வருகிறது. ஏதோ ஒன்று விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

1966 மார்ச்சில் ஜெமினி 8 விண்கலத்துக்கு இதுதான் நடந்தது. ஆளில்லாத அஜீனா கலத்தோடு இணைந்த கொஞ்ச நேரத்தில் சுழல ஆரம்பித்தது. அதில் இருந்த விண்வெளி வீரர்கள் ஆம்ஸ்ட்ராங்கும் ஸ்காட்டும் கோளாறு அஜீனாவில்தான் என்று நினைத்துக் கழற்றிக்கொண்டார்கள். சுழற்சி இன்னும் மோசமாகி, நொடிக்கு ஒரு சுற்று அளவுக்குப் போய்விட்டது. உண்மையில் அவர்கள் கலத்திலேயே ஒரு சிறு உந்துபொறி நிற்காமல் எரிந்துகொண்டிருந்தது. பூமிக்குத் திரும்பி நுழையும்போது பயன்படுத்த வைத்திருந்த உந்துபொறிகளை இயக்கித்தான் நிறுத்தினார்கள்.

அரைத்தூக்கம், விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். திறக்கும் பட்டியலில் ஏதாவது கருவி பெயர் இருக்கிறதா? இருந்தால் அதன் பண்புகளைத் திறங்கள். சதுரத்துக்குள் ஒரு கூட்டல் குறி தெரியும். எதையும் தொடாமல் அது எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள்.

பழைய_ரேம் (11:46)
டிரைவர் போட்டால் இதெல்லாம் தானாகச் சரியாகும்.

அரைத்தூக்கம் (11:58)
கூட்டல் குறி இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது! ஆனால் நான் எந்த ஜாய்ஸ்டிக்கும் வைத்திருக்கவில்லையே?

வால்மீன் (12:00)
கணினியின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள்.

அரைத்தூக்கம் (12:09)
தம்பியின் பழைய கேம்பேட். யுஎஸ்பியில் செருகியபடியே மேசைக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறது, அதில் திசை திருப்பும் குச்சி ஒன்று சுவரில் அழுந்தியபடி. பிடுங்கினேன், கப்பல் நின்றுவிட்டது. பயிற்சி முடிந்தது. நன்றி நன்றி.

வால்மீன் (12:12)
அருமை. அந்த கேம்பேடைத் தூக்கிப் போட வேண்டாம். சுவரில் அழுந்தாமல் வைத்து, அதே பெட்டியில் கூட்டல் குறி நடுவுக்கு வருகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் விலகி நின்றால் ஆட்டத்தின் அமைப்பில் டெட் சோனை, அதாவது குச்சியின் சிறு விலகலைக் கண்டுகொள்ளாமல் விடும் அளவை, சற்றே கூட்டினால் போதும். நிறைய தள்ளி நின்றால் குச்சிக்கு அடியில் இருக்கும் உராய்வுத் தகடு தேய்ந்திருக்கும். ஹால் எஃபெக்ட் குச்சிகள் காந்தத்தால் வேலை செய்வதால் அப்படித் தேயாது.

ஆதிகாலத்து_பைலட் (12:15)
தேவையில்லாத கருவியைக் கழற்றிவிட்டு ஆடுவது அடிப்படை. அது போகட்டும். கடைசி_தோட்டா, உச்சவரம்பு வைத்தாலும், போகிற திசை மாறாமல் கப்பலின் மூக்கை மட்டும் திருப்பிப் பின்னால் துரத்தி வருகிறவனைச் சுட முடியும். உங்கள் விமானத்தில் அது நடக்குமா?

கடைசி_தோட்டா (12:17)
நடக்காது. அதனால்தான் துரத்துகிறவனுக்கு விமானத்தில் ஒரு மரியாதை இருக்கிறது.

தூசிமண்டலம் (12:20)
எல்லாம் சரி. எந்த ஆட்டம் என்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லையே?