சீபேப் மாட்டினால் மூச்சு முட்டுகிறது, பிரஷரைக் குறைக்கச் சொல்லலாமா?

திருப்பூர்_கணக்கர்:

வணக்கம். வயது 51, பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். என் குறட்டை தெருவுக்கே தெரியும், அதை யாரும் நோயாக நினைக்கவில்லை, நானும்தான். போன மார்ச்சில் கணக்கு முடிக்கிற நேரத்தில் கீபோர்டு மேலேயே தலை சாய்ந்து தூங்கியிருக்கிறேன், பையன்கள் போட்டோ எடுத்து வைத்துச் சிரித்தார்கள். அப்புறம் ஒருநாள் சிக்னலில் பைக்கோடு நிற்கும்போது கண் சொருகியது. அன்றைக்குத்தான் பயம் வந்தது. தூங்கும்போது மூச்சை அளக்கிற ஸ்லீப் ஸ்டடி எடுத்ததில் ஏஹெச்ஐ 43, அதாவது மணிக்கு 43 தடவை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் 74 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. ஏஹெச்ஐ 30-க்கு மேல் போனாலே தீவிரம் என்றார் டாக்டர்.

ஆட்டோ சீபேப் வாங்கி இன்றோடு 12 நாள். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்ளாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை ஊதுகிற மிஷின், பிரஷரைத் தேவைக்கேற்ப அதுவே ஏற்றி இறக்கும். மூக்கு, வாய் இரண்டையும் மூடுகிற ஃபுல் ஃபேஸ் மாஸ்க். பிரஷர் செட்டிங் 4 முதல் 16, ரேம்ப் (குறைந்த பிரஷரில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவது) 45 நிமிடம் என்று ரசீதுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் பிரச்சினை படுத்து மாஸ்க்கை மாட்டியவுடனே. மிஷின் ஓடுகிறது, காற்றும் வருகிறது, ஆனால் எனக்குப் போதவில்லை. தலையோடு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிற மாதிரி இருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இரண்டாவது, எப்படியோ தூங்கிவிட்டால் இரண்டரை மூன்று மணிக்கு முகத்தில் புயலடித்து விழிப்பு வருகிறது. மூச்சை வெளியே விட முடியவில்லை, உள்ளே வருகிற காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் பிடுங்கி எறிந்துவிடுகிறேன் போல, காலையில் மாஸ்க் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

விற்ற கடையில் கேட்டால் "பழகிவிடும் சார்" என்பதோடு சரி. டாக்டரைப் பார்க்க இன்னும் 9 நாள் இருக்கிறது. பிரஷரைக் குறைத்து வைக்கச் சொல்லலாமா? 45 ஆயிரம் போட்டது தண்டமா? மனைவிக்கு வேறு ஒரு பயம், ராத்திரி கரண்ட் போனால் மாஸ்க்குக்குள்ளேயே மூச்சு நின்றுவிடுமோ என்று. அவள் தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆக, வீட்டில் தூக்கம் கெட்டவர்கள் இப்போது இரண்டு பேர்.

ஓசூர்_பாலு:

கணக்கர் சார், நான் 6 வருடமாகப் போடுகிறேன், முதல் மாதம் நானும் இதே கூத்துதான். பிரஷரைக் குறைக்கச் சொல்லாதீர்கள். உங்கள் முதல் பிரச்சினை பிரஷர் அதிகமானதால் வருவதில்லை, குறைவாக இருப்பதால் வருவது. கேட்டால் தலைகீழாகத் தெரியும், ஆனால் யோசித்துப் பாருங்கள். ஃபுல் ஃபேஸ் மாஸ்க்குக்குள்ளே இடம் பெரிது. நீங்கள் விடுகிற மூச்சு மாஸ்க்கின் முன்பக்கம் இருக்கிற சின்னச் சின்ன துவாரங்கள் வழியாகத்தான் வெளியே போக வேண்டும், அதைத் தள்ளி அனுப்புவது மிஷின் காற்று. 4 என்பது இந்த மிஷின்களில் ஆகக் குறைந்த அளவு. அந்த அளவில் துவாரம் வழியாகப் போகும் காற்று குறைவு, பழைய மூச்சு கொஞ்சம் உள்ளேயே சுற்றும். போர்வைக்குள் இருக்கிற மாதிரி என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். இதில் ரேம்ப் வேறு 45 நிமிடம். முழித்துக்கொண்டிருக்கிற நேரம் முழுக்க உங்களை அந்தக் குறைந்த காற்றிலேயே வைத்திருக்கிறது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து வைத்த செட்டிங்தான், ஆனால் நிறையப் பேருக்கு அதுதான் எமன். என் டாக்டர் தொடக்கத்தை 7 ஆக்கி ரேம்ப்பை எடுத்துவிட்டார், அன்று ராத்திரியே வித்தியாசம் தெரிந்தது. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். 9 நாள் காத்திருக்காமல் போன் போட்டுக் கேளுங்கள், இதற்கு நேரில் போகத் தேவையில்லை.

கூடவே ஈபிஆர் என்று ஒன்று இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். மூச்சை வெளியே விடும்போது மட்டும் பிரஷரை 1, 2 அல்லது 3 குறைக்கும். ஆனால் எப்படிக் குறைத்தாலும் 4-க்குக் கீழே போகாது. நீங்கள் 4-லேயே இருந்தால் ஈபிஆர் 3 வைத்தும் புண்ணியமில்லை, குறைக்க அங்கே என்ன இருக்கிறது? தொடக்கம் 7 என்றால் இழுக்கும்போது 7, விடும்போது 4. அப்போதுதான் அது வேலை செய்யும்.

ராத்திரி புயல் வேறு கதை. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும், விடியற்காலைப் பக்கம் கனவுத் தூக்கம் அதிகம், அப்போது தொண்டைத் தசை இன்னும் தளரும். ஆட்டோ மிஷின் அதைப் பார்த்துப் பிரஷரை ஏற்றிக்கொண்டே போகும். அதோடு மாஸ்க் நகர்ந்து காற்று கசிந்தால் அதை ஈடுகட்டவும் கூடுதலாக ஊதும். காலையில் மிஷின் திரையில் கசிவு எவ்வளவு என்று பாருங்கள். என்னுடையது ரெஸ்மெட் கம்பெனி மிஷின், அதற்கு நிமிடத்துக்கு 24 லிட்டர் வரை பரவாயில்லை, அதற்கு மேல் போனால் மாஸ்க்கைக் கவனிக்க வேண்டும். முழிப்பு வந்தால் பிடுங்கி எறியாமல் ஒரு தடவை நிறுத்தி மறுபடி ஓட விடுங்கள், பிரஷர் கீழிருந்து ஆரம்பிக்கும். அரைத்தூக்கத்தில் கை தானாகப் பொத்தானைத் தேடிப் போக எனக்கு ஒரு வாரம் ஆனது.

தேவி_கோவை:

அண்ணா, பாலு சார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் படபடப்பு என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு லிஃப்டிலேயே ஆகாது, அப்படிப்பட்டவள் முகத்தில் இதைக் கட்டினால் எப்படி இருக்கும்? செட்டிங்கை மட்டும் மாற்றினால் போதாது. மாஸ்க்கைக் கட்டிலுக்கு வெளியே பழக்க வேண்டும். நான் சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து, பட்டை மாட்டாமல் மிஷினை ஓட விட்டு மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்துக்கொள்வேன். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்ற தைரியம் இருப்பதால் பயம் வராது. முதல் நாள் ஐந்து நிமிடம், அப்புறம் ஒரு சீரியல் முழுக்க, அப்புறம் பட்டையோடு, அப்புறம் மத்தியானம் படுத்துக்கொண்டு. பத்து நாள் ஆனது. மகன் என்னைப் பிள்ளையார் என்று கூப்பிட்டான், கூப்பிடட்டும்.

இன்னொன்று, உங்களுக்கு மூக்கடைப்பு உண்டா? அதனால்தான் ஃபுல் ஃபேஸ் கொடுத்தார்களா? எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள், ஈஎன்டி டாக்டர் மூக்கு ஸ்ப்ரே கொடுத்து, உப்பு நீரால் மூக்கைக் கழுவச் சொல்லி, மூன்று வாரத்தில் மூக்கு திறந்ததும் மூக்குத் துவாரத்தில் மட்டும் வைக்கிற சின்ன மாஸ்க்குக்கு மாறிவிட்டேன். முகத்தில் எதுவுமே இல்லாத மாதிரி இருக்கிறது. கழுவுகிற தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்கட்டும், குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மெடிக்கலில் உடனே மூக்கைத் திறக்கிற சொட்டு மருந்து கொடுப்பார்கள், அதைத் தொடர்ந்து நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் முன்னைவிட மோசமாக அடைக்கும். பட்டவள் சொல்கிறேன்.

சேகர்_ராம்நாடு:

கணக்கர் மனைவியின் கரண்ட் பயத்துக்குப் பதில். ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் குழாய் சேரும் முழங்கைப் பகுதியில் மெல்லிய நாக்கு மாதிரி ஒரு வால்வு இருக்கும். மிஷின் நின்றால் அது தானாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். கையில் எடுத்து அவருக்குக் காட்டுங்கள், மிஷினை நிறுத்திவிட்டு மாஸ்க்கோடு நாலு மூச்சு விட்டுக் காட்டுங்கள், பயம் போகும். கழுவும்போது அந்த நாக்கில் அழுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் கரண்ட் போகிற ராத்திரிகளில் நான் இன்வெர்ட்டரில் ஓட்டுகிறேன், தண்ணீரைச் சூடாக்குகிற ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால் மிஷின் இழுக்கிற மின்சாரம் பெருமளவு குறையும்.

அப்புறம் வாய் திறந்து தூங்குபவராக இருந்தால் வாயில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். காலையில் பிராணாயாமமும் செய்யுங்கள். நான் செய்கிறேன், நன்றாக இருக்கிறது.

சுவாச_டெக்னீஷியன்:

சேகர் சார் மன்னிக்க வேண்டும், டேப் வேண்டாம். ஃபுல் ஃபேஸ் மாஸ்க் கொடுப்பதே வாயால் மூச்சு விடுபவருக்காகத்தான், அதன் உள்ளே வாயை ஒட்டினால் எதற்கு அந்த மாஸ்க்? மூக்கு அடைத்திருக்கும்போதோ ராத்திரி வாந்தி வந்தாலோ ஆபத்து. பிராணாயாமம் படபடப்புக்கு நல்லது, ஆனால் தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்வதை அதை நம்பி விட முடியாது.

நான் ஸ்லீப் லேபில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. கணக்கரிடம் சில கேள்விகள். பகலில், மாஸ்க் இல்லாதபோது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? தலையணை இல்லாமல் படுக்க முடிகிறதா? காலையில் எழும்போது தலை வலிக்கிறதா? கணுக்கால் வீக்கம்? சிகரெட் பழக்கம் இருந்ததா? இதில் ஏதாவது இருந்தால் மாஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன்னால் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும். உடல் பருமனாலோ நுரையீரல் நோயாலோ கரியமில வாயு தேங்குகிறவர்களுக்குச் சீபேப் போதாமல் போகலாம், இழுக்க ஒரு பிரஷரும் விட ஒரு பிரஷரும் தனித்தனியாக வைக்கிற பைபேப் தேவைப்படும். இன்னொரு விஷயம், சிலருக்குச் சீபேப் ஆரம்பித்த பிறகு புதிதாக வேறு வகை மூச்சு நிறுத்தம் வரும். தொண்டை திறந்தே இருக்கும், மூளைதான் மூச்சை இழுக்கச் சொல்லாது. மிஷின் இதைத் தனியாக எண்ணி வைக்கும். பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் தானாகக் குறைந்துவிடும், ஆனாலும் டாக்டர் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பதிவெல்லாம் இருக்கிற மிஷினின் எஸ்டி கார்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

திருப்பூர்_கணக்கர்:

எல்லோருக்கும் நன்றி. திரையில் பார்த்தேன், கசிவு 38. சிகரெட் இல்லை, படியேறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், இரண்டு மாதமாகச் சாயங்காலத்தில் கணுக்கால் வீங்குகிறது, சாக்ஸ் தடம் பள்ளமாகப் பதிகிறது. நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பதால் என்று நினைத்தேன்.

சுவாச_டெக்னீஷியன்:

சார், 9 நாள் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே உங்கள் வழக்கமான டாக்டரைப் பாருங்கள், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கிற எக்கோ எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். நெஞ்சுவலியோ, படுத்தாலே மூச்சு விட முடியாத நிலையோ வந்தால் நாளை வரைக்கும்கூட வேண்டாம், உடனே மருத்துவமனை.

ஓசூர்_பாலு:

போய்விட்டு வந்து எழுதுங்கள். இதற்கு நடுவில் ஒரு தகவல், இந்த மிஷினை 1981-ல் உலகுக்குச் சொன்ன சிட்னி டாக்டர் காலின் சல்லிவன் தரை கூட்டும் வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் முதலில் ஊதிப் பார்த்தாராம். அந்தச் சத்தத்திலும் அவருடைய நோயாளி தூங்கியிருக்கிறார். நாமெல்லாம் ராஜபோகத்தில் இருக்கிறோம்.

திருப்பூர்_கணக்கர்:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். எக்கோவில் ஒன்றுமில்லை, இதயம் நன்றாக இருக்கிறது. கால் வீக்கம் நான் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையால், அம்லோடிபின், சிலருக்கு அது அப்படிச் செய்யுமாம், மாற்றிக் கொடுத்துவிட்டார். நான் பிரஷர் பிரஷர் என்று மிஷினைச் சொல்ல, அவர் ரத்த அழுத்தத்தைச் சொல்கிறேன் என்று நினைத்து, பத்து நிமிடம் இருவரும் வேறு வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஸ்லீப் டாக்டரைப் போனில் பிடித்தேன். தொடக்கம் 6.5, உச்சம் 14, ரேம்ப் இல்லை, ஈபிஆர் 2. மாஸ்க் எனக்கு ஒரு சைஸ் பெரிது என்று தெரிந்தது, கடையில் வாதாடி மாற்றி வாங்கினேன். முதல் ராத்திரி மாட்டியவுடன் காற்று நன்றாக வந்தது, போர்வை போன மாதிரி இருந்தது. தேவி அம்மா சொன்னபடி சாயங்காலம் ஹாலிலும் உட்கார்ந்து பழகுகிறேன். ராத்திரி மூன்று மணிப் புயல் முழுதாகப் போகவில்லை, ஐந்து நாளில் இரண்டு நாள் வந்தது, ஒரு நாள் பொத்தானை அமுக்கி மறுபடி தூங்கினேன், இன்னொரு நாள் வழக்கம்போல் கட்டிலுக்கு அடியில். நேற்று 5 மணி 40 நிமிடம் ஓடியிருக்கிறது, ஏஹெச்ஐ 6.2. மனைவி தூங்கிவிட்டாள், வால்வைக் காட்டியதிலிருந்து.

மூக்குத் தண்டில் மட்டும் சிவந்து புண்ணாகிறது. இதை இங்கேயே கேட்கலாமா, புது இழையாகப் போட வேண்டுமா?

தேவி_கோவை:

இங்கேயே கேளுங்கள் அண்ணா. கசிவு பயத்தில் பட்டையை இழுத்துக் கட்டியிருப்பீர்கள். படுத்த நிலையில், மிஷின் ஓடும்போது கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். அந்த மெத்தைப் பகுதி காற்றில் உப்பித்தான் முகத்தில் பொருந்த வேண்டும், அழுத்தத்தால் இல்லை. தினமும் காலையில் சோப்புத் தண்ணீரில் கழுவுகிறீர்களா?