அடுக்களையில் சூரியகாந்தி: எந்த மஞ்சள், எந்தச் சுவர்?

புளியரைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். புளியரையில் எங்கள் வீட்டு அடுக்களையைச் சரிசெய்யப் போகிறோம். இடித்துக் கட்டுகிற யோசனை இல்லை. மாமியார் அதில் உறுதியாக இருக்கிறார், நானும்தான். இந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1956க்கு முன்னால், கட்டிய ஓட்டு வீடு. சுண்ணாம்புச் சுவர், சிவப்பு ஆக்ஸைடு தரை, மங்களூர் ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு. கிழக்கே ஜன்னல், அதன் கீழே கடப்பாக்கல் மேடை, அதில் கேஸ் அடுப்பு. விறகடுப்பை மூடி ரொம்ப காலம் ஆகிவிட்டது, ஆனால் கரி இன்னும் கைமரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூலையில் பாத்திரம் கழுவுகிற அங்கணம். மேற்குச் சுவரில் ஆணிகளும் ஒரு காலண்டரும் தவிர எதுவும் இல்லை.

எனக்கு அந்த அடுக்களையில் சூரியகாந்தி வேண்டும். நான் பிறந்தது சுந்தரபாண்டியபுரம். அப்பா சூரியகாந்தி போட்டவர். ஆடி மாசம் மலையாளத்துக் கார்கள் வரிசையாக வந்து நிற்கிற அந்த வயல்களுக்கு நடுவேதான் நான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். காற்றடித்தால் மொத்த வயலும் ஒரே பக்கமாக ஆடும். கட்டிக்கொடுத்து இங்கே வந்தபிறகு அதுதான் அடிக்கடி நினைப்பு வருகிறது.

தேடிப் பார்த்தால் அமெரிக்கக் கிராமத்து அடுக்களைப் படங்கள்தான் வருகின்றன. வெள்ளை மர அலமாரி, கட்டம் போட்ட திரை, சேவல் பொம்மை, சீனி டப்பாவிலிருந்து கைப்பிடித் துணி வரைக்கும் சூரியகாந்தி. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் ஓட்டு வீட்டில் அதை அப்படியே கொண்டுவந்து வைத்தால் ஒட்டாது. தென்காசியில் டைல்ஸ் கடையில் காட்டியதெல்லாம் போட்டோவை அச்சடித்த டைல்ஸ். மனசுக்குப் பிடிக்கவில்லை.

சுவருக்கு எந்த மஞ்சள்? சாரல் மாதங்களில் சுவரின் கீழ்ப்பகுதியில் ஓதம் ஏறி, பொரிந்து உதிர்கிறது, அதற்கு என்ன வழி? பூவை எந்தச் சுவரில், எப்படி வரைய? காய்ந்த பூவைத் தொங்கவிடலாமா? கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

புனலூர் தங்கச்சி:

அக்கா, கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. நாங்கள் போன ஆடியில் சுந்தரபாண்டியபுரம் வந்திருந்தோம். என் யோசனை: சுண்ணாம்போடு மஞ்சள் தூள் கலந்து அடித்தால் நல்ல சூரியகாந்தி நிறம் வருமே? கெமிக்கலும் இல்லை. அடுப்புக்குப் பின்னால் பெரிய பூ ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம், விலையும் குறைவு.

கடையநல்லூர் பெயிண்டர்:

தங்கச்சி சொன்ன மஞ்சள் தூள் மட்டும் வேண்டாம். சுண்ணாம்பில் மஞ்சள் சேர்ந்தால் சிவந்துவிடும். ஆரத்தி அப்படித்தானே கரைக்கிறோம். அந்தச் சிவப்பும் நிற்காது, வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வெளிறிப்போகும். ஸ்டிக்கரும் அடுப்புப் பக்கம் ஆகாது, ஆவியிலும் சூட்டிலும் ஓரம் சுருண்டு உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு ஏறும்.

சுண்ணாம்புச் சுவருக்கு மஞ்சள் காவிதான். மண்ணிலிருந்து வருகிற நிறம், சுண்ணாம்பு அதை ஒன்றும் செய்யாது, வெயிலுக்கும் வெளிறாது. சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் சாய்ந்தவர் முதுகில் ஒட்டும். ஈரத்தில் பார்க்கிற நிறம் காய்ந்ததும் நன்றாக வெளுத்துவிடும். ஆகவே சுவரின் ஒரு ஓரத்தில் கைமுழம் அளவு அடித்து, இரண்டு நாள் விட்டுப் பார்த்துப் பிறகு முடிவுசெய்யுங்கள். பூவின் பளீர் மஞ்சள் இதில் வராது. பழுத்த வைக்கோல் நிறம் வரும். கண்ணாடி ஓட்டு வெளிச்சத்துக்கு அதுவே போதும்.

ஓதத்தை வெளியே போய்ப் பாருங்கள். வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா? ஓட்டுத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா? அங்கணத்துத் தண்ணீர் சரியாக வெளியேறுகிறதா? விறகு அடுக்கிச் சுவரை மூடியிருக்கிறீர்களா? பாதிக் காரணம் அங்கேயே கிடைக்கும். உள்ளே உதிர்ந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, சுண்ணாம்பு மணல் கலவையிலேயே பூசுங்கள். சிமெண்டு பூசினால் அந்த இடம் நன்றாக இருக்கும், ஓதம் அதற்கு மேலே ஏறி அங்கே உதிர்க்கும். பட்டி பார்த்து எமல்ஷன் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுவர் மூச்சுவிட வழியில்லாமல் ஒரே சாரலில் கொப்புளம் போடும்.

இன்னொன்று, பரணில் பழைய மஞ்சள் எனாமல் டப்பா கிடந்தால் தொடாதீர்கள். பழைய பளீர் மஞ்சளில் ஈயம் அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல், இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அலமாரிக் கதவில் பழைய மஞ்சள் பெயிண்ட் இருந்தால் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது.

அடுப்புக்குப் பின்னால் மட்டும் இரண்டடி உயரத்துக்குக் கிளேஸ்டு டைல்ஸ் போடுங்கள். தாளிக்கிற எண்ணெயைச் சுண்ணாம்பு தாங்காது. பூ இல்லாத, வெறும் மோர் நிற டைல்ஸ்.

ஆய்க்குடி டிராயிங் வாத்தியார்:

பெயிண்டர் சொன்ன வைக்கோல் மஞ்சளை நான் முழு மனதோடு ஆமோதிக்கிறேன். பளீர் மஞ்சள் பூவுக்கு மட்டும் இருக்கட்டும். சுவரும் பூவும் ஒரே மஞ்சளாக இருந்தால் பூ தெரியாது. தரையின் சிவப்பைத் தொடாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் பல வருஷம் பிள்ளைகளுக்குச் சூரியகாந்தி வரையச் சொல்லிக்கொடுத்தவன் நான். எல்லாரும் வரைவது ஒன்றே: நடுவில் ஒரு பழுப்பு வட்டம், சுற்றி மஞ்சள் இதழ், கீழே ஒரு குச்சி. வயலில் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு பூகூட இருக்காது. நடுவட்டத்தைக் கிட்டத்தில் பாருங்கள். அது ஒரே பழுப்பு அல்ல. அங்கே இருப்பதெல்லாம் குட்டிக் குட்டிப் பூக்கள், ஓரத்திலிருந்து உள்நோக்கித் தினம் கொஞ்சமாக மலரும். அதனால் வெளி வளையத்தில் மலர்ந்து முடிந்தவை நுனி சுருண்டு நிற்கும், அதற்கு உள்ளே கரும்பழுப்புக் குழலின் மேல் மகரந்தம் பொங்கி நிற்கும், நட்டநடுவே இன்னும் மலராத மொட்டுகள் பச்சை கலந்து இறுகி இருக்கும். இந்த மூன்று வளையத்தையும் மூன்று நிறத்தில் போட்டாலே பூவுக்கு உயிர் வந்துவிடும்.

இலையை யாரும் வரைவதில்லை. சொரசொரப்பான, இதய வடிவ இலை. அது இல்லாமல் வெறும் தலையை மட்டும் வரைந்தால் கடை விளம்பரம் மாதிரி ஆகிவிடும். மூன்று பூவுக்கு மேல் வேண்டாம். ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில், ஒன்று இன்னும் விரியாத மொட்டு. மொட்டைச் சுற்றிய பச்சை நுனிகளை அவசியம் வரையுங்கள்.

நடுவட்டப் புள்ளிகளுக்கு ஒரு வழி சொல்கிறேன், கோலம் போடத் தெரிந்த உங்களுக்குச் சுலபம். அட்டையில் 137.5 டிகிரிக் கோணம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். மையத்தில் தொடங்கி, ஒரு புள்ளி வைத்ததும் அந்தக் கோணம் அளவு திரும்பி, இம்மியளவு வெளியே தள்ளி அடுத்த புள்ளி. அப்படியே போய்க்கொண்டே இருங்கள். நூறு புள்ளி தாண்டும்போது சுருள்கள் தாமாகவே கண்ணில் படும். ஒரு பக்கம் சுற்றுகிறவை 34, மறுபக்கம் சுற்றுகிறவை 55 என்று வருவது சாதாரணம், பெரிய பூவில் 55, 89. செடி விதையை அடுக்குவதும் இந்தக் கணக்கில்தான்.

எந்தச் சுவர் என்று கேட்டிருக்கிறீர்கள். மேற்குச் சுவர்தான், சந்தேகமே வேண்டாம். இளஞ்செடிதான் சூரியனோடு திரும்பும். பூ முற்றியதும் கிழக்கு நோக்கியே நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடேறுகிற பூவுக்குத் தேனீ அதிகம் வருகிறது என்று கலிபோர்னியாவில் செய்த ஆராய்ச்சி 2016இல் வெளியானது. வயல்காரர் மகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, வயலுக்கு மேற்கே நின்றால் பூவின் முதுகுதானே தெரியும். உங்கள் கிழக்கு ஜன்னலைப் பார்த்தபடி மேற்குச் சுவரில் பூ இருந்தால் வயலில் நிற்கிற மாதிரியே நிற்கும், காலை வெளிச்சமும் நேரே அதன் முகத்தில் விழும்.

நல்ல நிறம் வாங்குங்கள். 1888இல் வான்கோ தீட்டிய சூரியகாந்திப் படங்களிலேயே அந்தக் கால குரோம் மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறிக்கொண்டு வருகிறது. அதுவும் ஈயம் கலந்த நிறம்தான். காவி நிறங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கடைசியாக, பழைய பாணி எது என்று தேடி அலைய வேண்டாம். சூரியகாந்தி வட அமெரிக்கச் செடி. எண்ணெய்ப் பயிராக சோவியத் நாட்டிலிருந்து இங்கே விதை வந்தது 1969இல். நம் பாட்டிமார் அடுக்களைச் சுவரில் இந்தப் பூ இருந்ததே இல்லை. அதனால் உங்கள் அப்பா வயலில் நீங்கள் பார்த்தபடியே வரையலாம், யாரும் குறை சொல்ல முடியாது.

ஆரியங்காவு மைனி:

நான் சுரண்டையிலிருந்து ஆரியங்காவுக்கு வாக்கப்பட்டவள். எங்கள் அடுக்களையும் ஓடுதான், இங்கே உங்களைவிட மழை அதிகம். துணி விஷயம் நான் சொல்கிறேன்.

ஜன்னலுக்குப் பாதித் திரை போதும், அடுப்பு பக்கத்தில் இருப்பதால் பருத்தி மட்டும்தான். பாலிஸ்டர் தீப்பிடித்தால் உருகி ஒட்டும். பழைய கைத்தறி முண்டு இருந்தால் அதுவே நல்ல திரை. அதன் பழுப்பு வெள்ளைக்கு உங்கள் வைக்கோல் மஞ்சள் அருமையாகச் சேரும். கீழ் ஓரத்தில் பச்சையும் காவியுமாக ஒரு தையல் ஓட்டுங்கள், அதிலும் பூவைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். சாப்பிடுகிற மேசைக்குப் பத்தமடைக் கோரையில் சின்ன விரிப்புகள் கிடைக்கின்றன, மஞ்சள் பச்சைக் கரை போட்டு வாங்கலாம். சாரல் மாதத்தில் வாரம் ஒருமுறை வெயில் காட்ட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆத்தங்குடிக் கல்லில் சூரியகாந்தி போட்டுத் தருவார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் நிறச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்வது, சுடுவதே கிடையாது. ஆனால் புளித்தண்ணீர், எலுமிச்சை பட்டால் கறை பிடித்துவிடும். அதனால் அடுப்புப் பக்கம் வேண்டாம். ஆசையாக இருந்தால் தண்ணீர்ப் பானை வைக்கிற மேடையில் நான்கு கல் பதியுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான், தினமும் துடைக்கத் துடைக்க மினுங்குகிறது.

காய்ந்த பூவை விதையோடு தொங்கவிட்டால் எலி வரும், எறும்பு வரும். விதை அடித்து எடுத்த பிறகு மிஞ்சுகிற வெறும் தலையை வயலில் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுப்பார்கள். விதை இருந்த குழிகள் தேன்கூடு மாதிரி வரிசையாக இருக்கும், எனக்குப் பூவைவிட அதுதான் பிடிக்கும். நல்ல வெயிலில் மொறமொறவென்று காயவைத்து அடுப்புக்குத் தள்ளி மாட்டுங்கள். சாரல் தொடங்குவதற்கு முன் எடுத்து டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். பிளாஸ்டிக் பூ மட்டும் வேண்டவே வேண்டாம், பிசுக்கு ஏறி மூன்றாம் மாசமே கறுத்துவிடும்.

பச்சைப் பூ வேண்டுமென்றால் பின்கட்டில் நான்கு விதை ஊன்றுங்கள், இரண்டு மாசத்தில் பூத்துவிடும். அதிகாலையில் வெட்டிப் பித்தளைச் செம்பில் வையுங்கள். மகரந்தம் உதிரும், கீழே ஒரு தட்டு வைத்தால் போதும். கிளி வந்து விதை கொத்தும், விரட்டாதீர்கள்.

புளியரைக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலையில் வீட்டைச் சுற்றி வந்து பார்த்தோம். பெயிண்டர் அண்ணாச்சி சொன்னது சரிதான், அடுக்களைக்கு வெளியே மண் ஒரு சாண் உயர்ந்து கிடக்கிறது, விறகும் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறது. முதலில் அதை வெட்டி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மேற்குச் சுவரில் மூன்று பூ என்று முடிவாகிவிட்டது. மாமியார் அரிவாள்மனை போட்டு உட்காருவது ஜன்னல் மேடைக்குப் பக்கத்தில், மேற்கே பார்த்து. வாத்தியார் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "அப்போ பூ என்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கும்" என்றார். காலண்டர் கதவுப் பக்கம் போகிறது. மைனி, பானை மேடைக்கு நான்கு ஆத்தங்குடிக் கல் சொல்லிவிடப் போகிறேன். புனலூர் தங்கச்சி, அடுத்த ஆடிக்கு வரும்போது வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

அண்ணாச்சி, எந்த மாசம் சுண்ணாம்பு அடிக்கலாம்? பூவைச் சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே வரையவா, காய்ந்த பிறகா?

கடையநல்லூர் பெயிண்டர்:

மாசி, பங்குனியில் அடித்துவிடுங்கள். மண்ணை இப்போதே எடுத்தால் அதற்குள் சுவர் உலரும். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது, பத்து நாளாவது ஊறவைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். அடிப்பதற்கு முன் சுவரில் தண்ணீர் தெளிக்க வேண்டும், காய்ந்த சுவரில் அடித்தால் தூளாக உதிரும். பால் பதத்துக்குக் கரைத்து, ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று கை.

பூவைக் கடைசிக் கை அடித்த அன்றைக்கே, ஈரம் முழுக்க வாங்குவதற்குள் வரைந்தால் நிறம் சுவரோடு பிடித்துக்கொள்ளும். அதனால் மூன்று பூவையும் முன்னாடியே தாளில் முழு அளவில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளை போட்டு வையுங்கள். தாளைச் சுவரில் பிடித்து, காவித்தூளைத் துணியில் முடிந்து ஒற்றினால் கோடு இறங்கிவிடும். நடுப்புள்ளியை மட்டும் நீங்கள் கையாலேயே வையுங்கள்.