அப்பாவின் முள்ளந்தண்டில் எலும்பு முளை: கரைக்க மருந்து இருக்கிறதா?

உப்புவெளிப் பொடியன்:
அப்பாவுக்கு 68 வயது. நாரி நோ பழையதுதான். இப்போது கொஞ்சத் தூரம் நடந்தாலே இரண்டு கால்களும் கனத்து விறைக்கின்றன. எக்ஸ்ரேயில் கீழ் முள்ளந்தண்டில் எலும்பு முளைத்திருக்கிறதாம். கிளினிக்கில் சனம் நிறைய, விளக்கமாகக் கேட்க முடியவில்லை. கல்சியம் கூடிவிட்டது, பாலையும் நெத்தலியையும் நிறுத்து என்கிறார் மாமா. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் கரையும் என்கிறா பக்கத்து வீட்டு அம்மம்மா. அப்பாவோ பாமசியில் டைக்ளோபெனக் என்ற நோக் குளிசையை வாங்கி விழுங்குகிறார், பிரஷரும் இருக்கிறது. ஒப்பரேசன்தான் வழியா?

பிசியோ அக்கா:
தம்பி, அப்பா சைக்கிள் ஓடுவாரா? கால் கனத்தால் சும்மா நின்றாலே போகுமா, குந்தி இருக்க வேணுமா?

உப்புவெளிப் பொடியன்:
நிலாவெளி வரை சைக்கிளில் போய் வருவார், ஒன்றும் செய்யாது. நடந்தால்தான் கரைச்சல். நின்றால் போகாது, எங்காவது இருக்க வேணும்.

பிசியோ அக்கா:
அப்படியென்றால் முள்ளந்தண்டுக்குள் நரம்பு போகும் வழி ஒடுங்கியிருக்கலாம். முன்னுக்குக் குனிந்தால் அந்த வழி சற்று அகலும், நிமிர்ந்தால் ஒடுங்கும். சைக்கிளில் சுகமாக இருப்பது அதனால்தான். இரத்தக் குழாய் அடைப்பென்றால் நின்றாலே குறையும். எதற்கும் டொக்டரிடம் பாதத்து நாடியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முளையைக் கரைக்க மருந்து கிடையாது. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டும் மூட்டும் தேயத் தேய, உடம்பு எலும்பின் ஓரத்தில் புது எலும்பைப் போடுகிறது. சாப்பாட்டுக் கல்சியத்தால் வருவதில்லை, நெத்தலி பாவம்! வயதுபோன பலருக்கு முளை இருக்கும், நோவே இருக்காது. அதனால் வைத்தியம் நெரிபடும் நரம்புக்கும் நோவுக்கும்தான். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது போன்ற பயிற்சிகளை நேரில் பழகுவது நல்லது. டைக்ளோபெனக் பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். டொக்டரைக் கேட்காமல் இனி வேண்டாம்.

கிண்ணியா நானா:
எங்கட உம்மாவுக்கும் இதேதான். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், எந்த நரம்பு நெரிபடுகிறது என்று எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் விளங்கியது. முதுகில் ஸ்டீரொய்ட் ஊசி போட்டார்கள். சில மாதம் நோ குறைந்தது, பிறகு வந்தது. அந்த இடைவெளியில் பயிற்சியைப் பழகிவிட்டா, இப்ப சமாளிக்கிறா. யார் சொன்னாலும் முதுகை முறுக்கி நெட்டி எடுக்க மட்டும் விடாதீங்க.

கோணேசர் வீதி:
கன்னியாவுக்குக் கூட்டிப் போங்கள், அந்த ஏழு கிணற்றுத் தண்ணீரும் தசைக்கு இதம். எலும்பு கரையும் என்பது கதை.

பிசியோ அக்கா:
போகலாம், ஆனால் கால் விறைத்திருந்தால் சூடு தெரியாது. பார்த்து ஊற்றுங்கள்.

ஒப்பரேசன் எல்லாருக்கும் தேவையில்லை. காலில் பலம் குறைந்துகொண்டு போனாலோ, மற்ற வைத்தியம் எடுபடாமல் நடையே முடங்கினாலோதான் நரம்பை நெரிக்கும் எலும்பை எடுப்பார்கள். ஆனால் சலம் போகாமல் அடைத்தாலோ, மலம் தெரியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ கிளினிக் நாள் பார்க்காதீர்கள். அன்றைக்கே, இரவென்றாலும், பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உப்புவெளிப் பொடியன்:
அப்படி எதுவும் இல்லை அக்கா. அடுத்த கிளினிக்குக்கு என்ன கொண்டு போக?

பிசியோ அக்கா:
எக்ஸ்ரே படம், குடிக்கும் குளிசைகள் எல்லாம். எவ்வளவு தூரம் நடந்தால் இருக்க வேண்டி வருகிறது என்றும் எழுதிக்கொண்டு போங்கள். சைக்கிள் கதையை மறக்காமல் சொல்லுங்கள்.